வெள்ளைச் சட்டையும் செம்மண்ணும்



பள்ளிக்கூடச் சட்டையை எப்படி வெள்ளையாக வைத்திருப்பது என்று எழுதச் சொல்லி இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நாலு பேரும் என்னிடம் முதலாம், இரண்டாம் வகுப்புப் படித்த பெண்பிள்ளைகள். இப்போது உங்கள் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். ஆனால் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரீச்சர் சவர்க்காரம் விற்க வந்துவிட்டா என்று நினைப்பீர்கள். ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கிற பிள்ளையின் சட்டை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஊத்தையாகத்தான் இருக்க வேண்டும். காலையில் போகும்போது அது தோய்த்த சட்டையாக இருந்தால் போதும். பளீரென்ற வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தோய்த்த சட்டை வேறு, வெள்ளைச் சட்டை வேறு. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாத பெரியவர்களால்தான் சின்னப் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள்.

ஏன் வெள்ளை வருவதில்லை என்று கேட்டால், பாதிக் காரணம் தண்ணீர். வலிகாமத்துக் கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான். அது சவர்க்காரத்தோடு சேரும்போது நுரை எழும்பாது, தயிர் திரைந்ததுபோல ஒன்று வரும். அது தண்ணீரில் கரையாமல் நூலுக்குள்ளே போய் இருந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு தவணை முடிவதற்குள் சட்டை சாம்பல் பிடித்த மாதிரித் தெரியும். தாய் என்ன நினைப்பாள்? சவர்க்காரம் போதவில்லை என்று இன்னும் தேய்ப்பாள். அது இன்னும் கூடத் திரளும். தீவுப் பக்கத்து உவர்த் தண்ணீரில் தோய்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்கு நுரை என்பதே பெரிய விஷயம்.

ஆகவே சவர்க்காரத்தைக் குறைத்து, அலசுவதைக் கூட்டுங்கள். தோய்க்கும் பவுடர் இந்தத் தண்ணீரோடு கட்டிச் சவர்க்காரத்தைவிட ஒத்துப்போகும். ஒரு வாளி தண்ணீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்துவிட்டுத் தோய்த்தால் வித்தியாசம் தெரியும். மாரியில் கூரைத் தண்ணீரை ஒரு பரலில் பிடித்து வைத்து, கடைசி அலசலை அதில் செய்து பாருங்கள். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை.

மற்றப் பாதிக் காரணம் எங்கள் செம்மண். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டுமா! அந்தச் சிவப்பு, இரும்புத் துரு. மிக நுண்ணிய தூள். ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். வந்த உடனே தண்ணீருக்குள் அமத்தாமல், காயவிட்டு, உதறி, பழைய பல்லுத்தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு நனையுங்கள். மிஞ்சிய சாயலுக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் போடலாம். அதற்குப் பிறகும் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு நின்றால் நிற்கட்டும். அது ஊர் அடையாளம்.

பிளீச்சை மட்டும் கண்டபடி பாவிக்காதீர்கள். செம்மண்ணுக்கு அது மருந்தில்லை, துருக்கறையை இன்னும் இறுக்கிவிடவும் கூடும். கடையில் வாங்குகிற சீருடைத் துணியில் பெரும்பாலும் பொலியெஸ்ரர் கலந்திருக்கும். அடிக்கடி பிளீச் பட்டால் அது மஞ்சளாகும், பருத்தி நூல் நைந்துபோகும். முக்கியமாக, பிளீச்சோடு தேசிக்காய், வினாகிரி எதையும் சேர்க்கவே கூடாது. நச்சுவாயு வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தோய்க்கிற பிள்ளைகள் இதை இன்னொருதரம் வாசியுங்கள்.

பருப்புக்கறி கொட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்ட உடனே அது சிவப்பாக மாறும். பயந்துபோய்த் தேய்க்காதீர்கள். மஞ்சளுக்குக் காரம் பட்டால் அந்தக் குணம், நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். பிறகு வெயிலில் விரித்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் வெயிலில் அது தானாக மங்கிப்போகும். விழுந்தெழும்பி வந்த இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் கூடாது. பேனை மைக்கு ஸ்பிரிற், அல்லது கொரோனாக் காலத்தில் வாங்கி வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற கைசுத்தம் செய்யும் திரவம்.

நீலம் போடுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீலம் ஊத்தையைப் போக்குவதில்லை. மஞ்சள் சாயலுக்கு மேலே கொஞ்சம் நீலம் ஏறினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இப்போதைய பவுடர்களிலும் அதே வேலையைச் செய்ய ஒரு பொருள் சேர்க்கிறார்கள். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிரை எடுத்து நீல ஒளியாகத் திருப்பிவிடும். ஆக, காலைக் கூட்டத்தில் நாங்கள் மெச்சுகிற அந்த வெள்ளையில் ஒரு பங்கு சுத்தமே இல்லை, வெறும் நீலம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1993இலிருந்து எங்கள் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது. இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாக வவுச்சர் தந்தார்கள். 2023இலிருந்து பெரும்பகுதி சீனா நன்கொடையாகத் தந்த துணி. எப்படி வந்தாலும் நல்ல திட்டம், அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதுதானே சீருடையின் நோக்கம்? ஆனால் வெள்ளையில் மட்டும் அது சரிவருவதில்லை. பொடியன்களின் நீலக் காற்சட்டைகளைப் பாருங்கள், எது புதிது எது பழையது என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது. மேலே இருக்கிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் சொல்லிவிடலாம். எவன் வீட்டில் மோட்டர் போட்ட கிணறு, எவன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கிணறு, எவளுக்கு ஐந்து சட்டை, எவளுக்கு இருக்கிற ஒன்றை இரவு தோய்த்து அடுப்படியில் காயவைக்கிறார்கள், எல்லாம் அந்த வெள்ளையில் எழுதியிருக்கும். நுவரெலியாப் பக்கம் படிப்பிக்கிற என் மாணவி ஒருத்தி சொல்லுவாள், மழைக்காலத்தில் அங்கே பல பிள்ளைகளின் சட்டையில் புகை மணக்கும் என்று. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்ததன் மணம். அந்தத் தாய் தோய்க்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

2022இல் சவர்க்காரக் கட்டியின் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வயதுக்காரருக்கு அதற்கு முந்தின ஞாபகமும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் அகப்பட்டது. பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். நுரை வரும், ஊத்தையும் போகும், ஆனால் மணம் போகாது. கொடியில் காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். பிள்ளைகள் பனங்காய் மணத்தோடு வந்து வாங்கில் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது அந்தச் சட்டையும் இல்லை. மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்தது. பூப்போட்ட சட்டை, அண்ணனின் சட்டை, கிடைத்த சட்டை. அந்த வகுப்பில் இருந்த சிலர் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வாய்ப்பாடு பாடமாகவில்லையா?

என்னிடம் படித்து இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன். கூட்டத்தில் நகம் பார்க்கிறீர்கள், சரி. தலையில் பேன் பார்க்கிறீர்கள், சரி. இரண்டுக்கும் சுகாதாரக் காரணம் இருக்கிறது. சட்டையின் நிறத்துக்கு என்ன காரணம்? மங்கல் சட்டையால் ஒரு பிள்ளைக்கும் வருத்தம் வந்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளை தன் சட்டையைத் தானே தோய்ப்பதும் இல்லை. அப்படியிருக்க, அவனை முன்னால் நிறுத்திக் கேட்கிற கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்ல முடியும்? அது தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவளைப் பத்துப் பேருக்கு முன்னால் நிறுத்திக் கேட்பீர்களா?

உண்மையிலேயே தோய்க்காத சட்டையோடு ஒரு பிள்ளை நாலு நாள் வந்தால் அது வேறு விஷயம். அது ஒழுங்கீனமில்லை, செய்தி. இரண்டாம் வகுப்பில் ஒருவன் அப்படி வந்தான். புதன்கிழமைச் சட்டை வெள்ளிக்கிழமையும் அதே கறையோடு. பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். தாய் ஆசுபத்திரியில், கண் சரியாகத் தெரியாத அம்மம்மாதான் வீட்டில் என்று தெரிந்தது. பக்கத்து வகுப்பு ரீச்சரின் மகனுக்கு அளவில்லாமல் போன சட்டை இரண்டு அலுமாரியில் இருந்தது. விஷயம் அதோடு முடிந்தது, வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தில் வைத்துக் கேட்டிருந்தால் திங்கட்கிழமை அவன் வந்திருக்க மாட்டான். ஊத்தைச் சட்டைக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்ற பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வரவு இடாப்பில் அவர்களுக்குக் காய்ச்சல் என்றுதான் இருக்கும்.

தாய்மாருக்கும் ஒன்று. 1999இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய சீர்திருத்தத்திலிருந்து ஆரம்பப் பிரிவில் படிப்பு என்றால் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை மூன்றும்தான். சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. மண்ணைத் தொட வேண்டும், விதை போட வேண்டும், இலையை நசித்துச் சாறு பார்க்க வேண்டும். நீங்களோ படலையடியில் நின்று "சட்டையை ஊத்தையாக்காம வா" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளையை வகுப்பில் உடனே கண்டுபிடிக்கலாம். அநேகமாகப் பெண்பிள்ளை. இரட்டைப் பின்னலும் ரிபனுமாக, மற்றவர்கள் மண்ணில் குந்தியிருக்கும்போது இவள் மதிலோடு ஒட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, சட்டைதான்.

வெள்ளையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பரிசளிப்பு விழாவில் முந்நூறு பிள்ளைகள் வெள்ளையில் நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆரம்பப் பிரிவுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாளாவது நிறச் சட்டை விடலாம். விளையாட்டுப் போட்டிக்கு இல்ல நிறத்தில் ரீசேட் வாங்குகிறீர்கள்தானே, பிறகு வருடம் முழுக்க அது அலுமாரியில் கிடக்கிறது. செயற்பாட்டு நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு வரட்டும். வாங்க வசதியில்லாத பிள்ளை வீட்டுச் சட்டையோடு வரட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கட்டட நிதியைப் பற்றிப் பேசி முடிந்த பிறகு யாராவது எழும்பி இதைக் கேளுங்கள். அதிபர்மார் கேட்டால் யோசிப்பார்கள், கேட்காவிட்டால் யோசிக்க மாட்டார்கள். எனக்கு அவர்களை நன்றாகத் தெரியும்.

இனி, ஒன்றும் கேட்காத ஆண்பிள்ளைகளுக்கு. மனைவி வேலைக்கும் போய், சமைத்து, இரவு பத்து மணிக்குச் சட்டை மினுக்கிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முகநூலில் இருக்கிறீர்கள், பச்சை விளக்கு எரிகிறது. என் வகுப்பில் கரும்பலகை துடைத்தீர்கள், வாளியில் தண்ணீர் அள்ளிக் கன்றுகளுக்கு ஊற்றினீர்கள், ஒருவருக்கும் கை நோகவில்லை. எட்டு வயது மகனுக்கும் மகளுக்கும் தங்கள் சொக்ஸையும் லேஞ்சியையும் தோய்க்கப் பழக்குங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சட்டையைத் தோய்த்தால் அவர்கள் தாங்களாகப் பழகுவார்கள்.

வவுனியாவிலிருந்து ஒருத்தி மாம்பால் கறைக்கு என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தாள். ஒன்றும் செய்ய முடியாது பிள்ளை, அது போகாது. அந்தச் சட்டையை மரமேறுகிற சட்டையாக வைத்துக்கொள்ளச் சொல்லு. மாங்காய் என்ன இனம் என்றும் கேட்டுச் சொல்லு.