சாவி முனையில் ஒரு பெயர்

கடந்த பள்ளி விடுமுறையில் பத்துமலைக்குச் சென்றிருந்தேன். 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நுழைந்தபோது, மாணவர் ஒருவர் சாவி முனையால் பாறைச் சுவரில் தம் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார். எனக்கு அஜந்தா நினைவுக்கு வந்தது.

பத்துமலைக் குகை இயற்கை தந்த சுண்ணாம்புக் குகை. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள அஜந்தா குகைகளோ மனிதர் குடைந்தவை. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறை அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு தொடங்கி, அதை உளியால் குடைந்து பௌத்தத் துறவிகளுக்குத் தங்கும் அறைகளும் வழிபாட்டுக் கூடங்களும் அமைத்தார்கள். செங்கல் சுவரில் பிழை நேர்ந்தால் இடித்துக் கட்டலாம். பாறையில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அத்தனை கவனத்தோடு செய்த வேலை அது.

1819 ஏப்ரல் 28ஆம் நாள், வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 10ஆம் குகையைக் கண்டார். அங்கிருந்த பழைமையான ஓவியத்தின் மேலேயே தம் பெயரையும் தேதியையும் கீறினார். 200 ஆண்டுகள் கடந்தும் அந்தக் கீறல் இருக்கிறது. குகையைக் குடைந்த சிற்பிகளின் பெயர்கள்தாம் நமக்குத் தெரியவில்லை.

இதை அந்த மாணவரிடம் சொன்னேன். சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால், கீறிய இரண்டு எழுத்துகளை அவராலும் அழிக்க முடியவில்லை.

மாணவர்களே, நண்பர் கையில் சாவியைக் கண்டால் முதல் எழுத்துக்கு முன்பே தடுத்துவிடுங்கள்.