போர் விமானமும் பேரீச்சம்பழமும்

பழைய போர் விமானம் ஒன்று வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது, அது ஒரு காலத்தில் இந்தியாவில் கிடந்தது என்று செய்தி வந்தால் போதும். நம்ம ஆட்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிடுவார்கள். "வெள்ளைக்காரன் நம்ம சொத்தை அள்ளிக்கிட்டுப் போயிட்டான்" என்று ஒரு கோஷ்டி. "அவன் எடுத்துட்டுப் போனதாலதான் அது பிழைச்சது, இங்கேயே இருந்தா மக்கிப் போயிருக்கும்" என்று இன்னொரு கோஷ்டி. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். இது தேசபக்தி விவகாரமே இல்லை, வியாபார விவகாரம். விற்கத் தெரியாமல் விற்றோம், இன்னமும் அப்படித்தான் விற்கிறோம். பி.காம். படிக்கிறவனுக்கு எல்லாமே கணக்காகத்தான் தெரியும் என்று நீங்கள் கிண்டல் செய்யலாம். செய்துகொள்ளுங்கள் :-)

முதலில் இந்த ஏலங்களில் என்னதான் விற்கிறார்கள் என்று பார்ப்போம். "ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட்" என்று பெரிய பெயர் வைத்திருப்பார்கள். நேரில் பார்த்தால் நசுங்கிய உடம்பு, பாதி இறக்கை, நாலைந்து மரப்பெட்டி நிறைய உதிரி பாகங்கள், அவ்வளவுதான். நம்மூர் காயலான் கடைக்காரர் எடை போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். ஏலத்தில் எடுத்தவர் அதன்பிறகு பல வருடம் உட்கார்ந்து பணத்தைக் கொட்ட வேண்டும். அரித்துப்போன தகடு, ஆணி, இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பு எல்லாவற்றையும் பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்யணும். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் இரண்டிலும் ஓடியது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். 12 சிலிண்டர், 27 லிட்டர். அதைக் கழற்றி மாட்டவே நம் ஊரில் நல்ல வீடு ஒன்று வாங்கும் செலவு ஆகும்.

கடைசியில் பறக்கும்போது அதில் பழைய உலோகம் எவ்வளவு மிச்சம் இருக்கும்? பல விமானங்களில் ரொம்பக் கொஞ்சம். அப்புறம் எதற்கு அந்தக் குப்பைக்கு அத்தனை பணம்? அந்த எண்ணுக்குத்தான். எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்த ஸ்குவாட்ரனில் இருந்தது, யார் ஓட்டினார், எங்கே விழுந்தது என்கிற காகிதத்துக்குத்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் குட்வில் என்று ஒரு அத்தியாயம் வரும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனால் கம்பெனியை வாங்குகிறவன் அதற்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறான். அதேதான் இது.

நம்பிக்கை இல்லையென்றால் பி9374 என்ற ஸ்பிட்ஃபயரைப் பாருங்கள். 1940 மே 24 அன்று பீட்டர் கேஸனோவ் என்ற விமானி அதை பிரான்சின் கலே கடற்கரையில் இறக்கிவிட்டு இறங்கி நடந்தார். விமானம் மணலுக்குள் போய்விட்டது. நாற்பது வருடம் கழித்து 1980-ல் மண்ணிலிருந்து வெளியே தெரிந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய அலுமினியம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் அதை மறுபடி உருவாக்கி 2011-ல் பறக்கவிட்டார்கள். 2015 ஜூலையில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 30 கோடி ரூபாய்.

இப்போது நம்ம கதை. ஆர்4118 என்ற ஹரிகேன். 1940-ல் 605-வது ஸ்குவாட்ரனுக்காக 49 முறை சண்டைக்குக் கிளம்பியது. ஐந்து எதிரி விமானங்கள் விழுந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1943 கடைசியில் பயிற்சிக்காக இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1947-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று. 1982-ல் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தேடி இந்தியா வந்த பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர் அதைத் தற்செயலாகப் பார்த்தார். பல வருடம் விடாமல் பேசிப் பேசி 2001-ல் வாங்கினார். 2004 டிசம்பரில் அது இங்கிலாந்தில் பறந்தது. பிரிட்டன் சண்டையில் நிஜமாகவே பங்கெடுத்து இன்னும் பறக்கும் நிலையில் இருக்கும் ஹரிகேன்கள் மிகச் சில, அதில் இது ஒன்று.

வேச்சர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மரியாதைதான். அவர் பார்த்தது ஒரு எண்ணை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய பதிவேடுகளைத் தேடிப் போனார். அதே எண் நம்ம வளாகத்தில் 54 வருடம் கிடந்தது. அதைச் சுற்றி நடந்து போன பேராசிரியர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர்! ஒரு கடுதாசி போட்டுக் கேட்கவாவது ஒருவருக்கும் தோன்றவில்லையா என்பதுதான் என் எரிச்சல்.

ஏன் தோன்றவில்லை என்றால், நம் கணக்கில் அதற்கு இடமே கிடையாது. எந்த அரசுக் கல்லூரியிலும் 'கண்டம்' பண்ணுவது என்று ஒரு சடங்கு உண்டு. உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, பழைய டைப்ரைட்டர் எல்லாவற்றையும் ஒரு லிஸ்டில் போட்டு ஏலம் விடுவார்கள். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளை ஒரு நாள் உட்கார்ந்து படித்தேன் (ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லை). தேவையில்லாத பொருளை விற்கும்போது புத்தக மதிப்பைக் கணக்கிடு, அது முடியாவிட்டால் வாங்கிய விலையை எடுத்துக்கொள் என்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேல் தேறும் என்றால் டெண்டர் அல்லது பொது ஏலம். மேஜை நாற்காலிக்கு இது சரி. 1947-ல் இனாமாக வந்த விமானத்துக்கு? வாங்கிய விலை பூஜ்யம். தேய்மானம் போட்டாலும் பூஜ்யம். மிச்சம் எடைக்கு எடை அலுமினியம். இதே பிரிட்டனில் 2009-லேயே பாரம்பரியச் சொத்துகளுக்கென்று தனிக் கணக்கியல் தரம் கொண்டுவந்தார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது, அதை எப்படிப் பாதுகாக்கிறாய் என்று அறிக்கையிலேயே சொல்லியாக வேண்டும்.

கப்பல் கதை இன்னும் மோசம். 1971 போரில் சண்டை போட்ட விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை 2014-ல் 60 கோடிக்கு உடைக்க விற்றார்கள். ஒரு சின்ன ஒற்றை இருக்கை ஸ்பிட்ஃபயர் 30 கோடி, முழுக் கப்பல் 60 கோடி! சரி, ஒன்று செப்பனிட்டுப் பறக்கும் விமானம், இன்னொன்று பராமரிக்கவே காசு இல்லாத கிழட்டுக் கப்பல், இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2016-ல் பஜாஜ் அந்த உலோகத்தில் கொஞ்சத்தை வாங்கி, விக்ராந்தின் உலோகம் கலந்தது என்று விளம்பரம் செய்து பைக் விற்றது. இரும்பை விற்றது அரசாங்கம், பெயரை விற்றது தனியார். எதில் காசு இருக்கிறது என்று ஒரு பைக் கம்பெனிக்குத் தெரிந்தது.

நமக்கு எப்போதுமே புத்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. உலகப்போர் முடிந்தபோது கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. யாரும் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள். எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்து ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாட்டி நாற்பது விமானங்கள் வரை தேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிப் போனார். 1968 வரை அவை விமானப்படையில் இருந்தன. ரெஸ்டோரேஷன் என்ற வார்த்தை ஃபேஷனாவதற்கு முன்பே நாம் செய்த வேலை இது!

பிறகு ஒரு லிபரேட்டரைக் கனடா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து பதிலுக்கு ஒரு லைசாண்டர் விமானத்தை வாங்கினார்கள். அது டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருமையான பண்டமாற்று. நம்மிடம் நிறைய இருந்ததைக் கொடுத்து இல்லாததை வாங்கிய கெட்டிக்காரத்தனம். 1980களின் தொடக்கத்தில் இன்னொரு லிபரேட்டர் இங்கிலாந்துக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய், 1989-ல் மறுபடி பறந்தது. அன்று இருந்த கெட்டிக்காரத்தனம் பிறகு எங்கே போனது?

"சோத்துக்கே வழியில்லாத நாட்டில் பழைய விமானத்தைப் பறக்கவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நான் பறக்கவிடச் சொல்லவே இல்லை. காசு இல்லாதவன்தான் கூடுதல் விலைக்கு விற்க வேண்டும், இல்லையா? வீட்டில் பாட்டியின் நகையை விற்க வேண்டிய நிலை வந்தாலும் பேரீச்சம்பழத்துக்கா போடுவோம்? எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்க மாட்டோமா? ஏல அறிவிப்பில் "பழைய விமான உடல், 1" என்று போடுவதற்கும், எண், ஸ்குவாட்ரன், போர் வரலாறு எல்லாம் போட்டு உலகம் முழுக்க விளம்பரம் செய்வதற்கும் செலவு வித்தியாசம் ஒரு குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளம் இருக்குமா? மறுவிற்பனையில் ஒரு பங்கு எங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

அலட்சியத்தின் பில் எப்படி வரும் என்பதற்கு டகோட்டா ஒன்றே போதும். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு நம் சிப்பாய்களை இறக்கியது டகோட்டா விமானங்கள்தான். நம் விமானப்படையில் வரிசையாக நின்ற விமானம் அது. ஆனால் விண்டேஜ் பிரிவுக்குப் பறக்கிற டகோட்டா ஒன்று வேண்டும் என்றபோது அது வெளியே இருந்துதான் வந்தது. ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் பழைய இரும்பாகக் கிடந்த ஒன்றை வாங்கி, தன் காசில் பிரிட்டனில் செப்பனிட்டு, 2018-ல் விமானப்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பரசுராமா என்று பெயர். அதன் உடம்பில் ஸ்ரீநகர் போன விமானத்தின் விபி905 என்ற எண்ணை எழுதினார்கள். எண்ணின் மதிப்பு கடைசியில் நமக்கும் தெரிந்துதான் இருக்கிறது, என்ன, இன்னொருவர் விமானத்தின் மேல் எழுத வேண்டியதாகிவிட்டது.

2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 விமானங்களுக்குச் சண்டிகரில் விடை கொடுத்தார்கள். 1963 முதல் நம்மிடம் இருந்தவை எண்ணூறுக்கும் மேல். இதில் எந்த எண் எந்தப் போரில் என்ன செய்தது, யார் ஓட்டினார், இப்போது எந்தக் கொட்டகையில் அல்லது எந்தக் கல்லூரி வாசலில் நிற்கிறது என்று ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். கண்டம் லிஸ்ட் தயாராவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள்.