விலைச்சீட்டு சொல்லாத கணக்கு

விடுமுறையில் விடுதி அறையைத் தவிர்த்து, கூடாரம் அமைத்துத் தங்கும் விருப்பம் நம் நாட்டுக் குடும்பங்களிடையே வளர்ந்து வருகிறது. லோனாவாலா அருகேயுள்ள பாவ்னா ஏரிக்கரையிலும் இமாசலப் பள்ளத்தாக்குகளிலும் இதனைக் காணலாம். விருப்பம் நல்லதே. ஆனால், கூடாரம் வாங்குவோர் பலர் விலையையும் ‘நால்வருக்கு உரியது’ என்ற குறிப்பையும் மட்டுமே பார்க்கின்றனர். இவ்விரண்டும் போதா.

‘நால்வர்’ என்பது நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு. பைகளுக்கும், புரண்டு படுக்கும் குழந்தைக்கும் அதில் இடமில்லை. நால்வர் கொண்ட குடும்பம் அறுவருக்கு உரியதைத் தேர்வதே நன்று.

அளவினும் முதன்மையானது நீர்காப்பு. துணி தாங்கும் நீரின் அழுத்தத்தை மில்லிமீட்டரில் குறிப்பிடுவர். மழை மிகுந்த சஹ்யாத்ரி மலைப்பகுதிக்குச் செல்வோர், மேல்விரிப்புக்கு 2,000 மி.மீ., தரைக்கு 3,000 மி.மீ. என்ற அளவிற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல்களும் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் ஊசித்துளைகள் வழியே நீர் கசியும். ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் உறங்குவோரின் மூச்சே குளிர்ந்து துளிகளாகச் சொட்டும். இரட்டை அடுக்கும் காற்றுவழியும் அதனைக் குறைக்கும். நள்ளிரவில் நனைந்த போர்வைக்குள் நடுங்கும் குழந்தைக்கு, கடையில் கிடைத்த தள்ளுபடி ஆறுதலாகாது.

இடத்திற்கு இடம் தேவையும் மாறும். கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் மேலுள்ள லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் மழையைவிடக் காற்றும் குளிருமே பெரிய சோதனை. அங்கே உயரம் குறைந்த, உறுதியான கம்பிகள் கொண்ட கூடாரமே நிலைக்கும்.

ஆகவே, முதல் இரு பயணங்களுக்கு வாடகைக் கூடாரமே போதும் என்பது என் கருத்து. வாடகை வீண்செலவு என்பாரும் உளர். எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய்க் கூடாரத்தை ஆண்டுக்கு இரண்டு இரவுகள் என ஐந்தாண்டுகள் பயன்படுத்தினால், ஓர் இரவின் செலவு 1,200 ரூபாய். 5,000 ரூபாய்க்கு வாங்கியது இரண்டாம் இரவிலேயே ஒழுகிப் பயனற்றுப்போனால், ஓர் இரவின் செலவு 2,500 ரூபாய். எத்தனை இரவுகள் செல்வோம், எங்கே செல்வோம் என்பது தெளிந்த பின் வாங்குவதே சிக்கனம்.

வாங்கியதும் மொட்டைமாடியில் விரித்து, நீர் ஊற்றிச் சோதியுங்கள். ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் நன்கு உலர்த்தி மடியுங்கள். ஈரத்துடன் மடித்தால் பூஞ்சை பிடிக்கும். எத்துணைக் குளிராயினும் கூடாரத்தினுள் அடுப்போ கரிச்சட்டியோ மூட்டாதீர்கள். மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.