கருவி காட்டியதும் ஏடு சொன்னதும்



கல்லூரியில் மின்னணுவியல் பயிலும் என் தங்கை மகன் சென்ற மாதம் தன் செய்முறை ஏட்டைக் கொண்டுவந்து காட்டினான். கையெழுத்து முத்து முத்தாய் இருந்தது. மின்சுற்றுப் படமோ அச்சிட்டாற்போல் இருந்தது. ஒவ்வொன்றும் 10 லட்சம் ஓம் கொண்ட இரு மின்தடைகளைத் தொடராக இணைத்து, 10 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, ஒன்றின் குறுக்கே அளந்திருந்தான். விடை 5.0 வோல்ட்.

"கருவி ஐந்துதான் காட்டியதா?" என்றேன்.

சற்றுத் தயங்கினான். "இல்லை மாமா, 1.4 காட்டியது. சூத்திரப்படி ஐந்து வரவேண்டும். ஆகவே ஐந்து என்று எழுதிவிட்டேன்."

ஏடு அழகாயிருந்தால் மதிப்பெண் கொடுத்துப் பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாமே. அவனை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது? ஆனால் அவன் அழித்துவிட்ட அந்த 1.4இல்தான் பாடமே இருந்தது. அவன் கையாண்டது முள் நகரும் மல்டிமீட்டர். வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. 10 வோல்ட் எல்லையில் வைத்தால் கருவியின் தடை 2 லட்சம் ஓம். அதனை 10 லட்சம் ஓம் தடைக்குப் பக்க இணைப்பாகச் சேர்த்தால், இரண்டும் கூடி ஏறக்குறைய 1,67,000 ஓம் ஆகிவிடுகின்றன. அப்போது அதன் பங்குக்குக் கிடைப்பது 1.43 வோல்ட்டே. அளக்க வந்த கருவி சுற்றின் ஓர் உறுப்பாகிவிட்டது! கருவி பொய் சொல்லவில்லை, ஏடுதான் சொன்னது.

நல்ல அறிக்கை என்பது, அதைப் படிக்கும் வேறொருவர் அதே சோதனையைத் தாமே செய்து பார்க்க உதவுவது. எனவே "மல்டிமீட்டர்" என்று மட்டும் எழுதினால் போதாது. அதன் எல்லையும் தடையும் குறிக்கப்பட வேண்டும். அளவீடுகளை அந்த நேரத்திலேயே, அலகுடன், மையினால் எழுதுங்கள். தவறினால் ஒரே கோட்டால் அடியுங்கள், அழிக்காதீர்கள். கண்டது வேறு, கணக்கிட்டது வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும்.

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பென்சியாசும் வில்சனும் தங்கள் வானலை வாங்கியில் காரணம் தெரியாத 3.5 டிகிரி கெல்வின் இரைச்சலைக் கண்டனர். பிழை ஒரு டிகிரி வரை இருக்கலாம் என்பதையும், வளிமண்டலத்தின் பங்கு இவ்வளவு, கருவியின் பங்கு இவ்வளவு என்பதையும் கணக்குக் காட்டி, எஞ்சியதை எஞ்சியபடியே அச்சிட்டனர். விளக்கத்தை வேறோர் ஆய்வுக் குழுவினர் தனிக் கட்டுரையில் எழுதினர். பேரண்டம் பிறந்த வெப்பத்தின் மிச்சம் அது! 1978இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தங்கை மகன் அன்றிரவே 5.0ஐ ஒரு கோட்டால் அடித்து, அருகில் 1.4 என்று எழுதினான். மறுவாரம் 1 கோடி ஓம் தடையுள்ள எண்முறை மீட்டர் கொண்டு மீண்டும் அளந்தான். 4.76 வந்ததாம். "ஐந்து இன்னும் வரவில்லையே மாமா!" என்று சிரித்தான். ஏன் வரவில்லை என்பதை அவனே கணக்கிட்டு ஏட்டின் அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தான்.