நவோதயா, சைனிக், என்.எம்.எம்.எஸ்: 8-ம் வகுப்புக்குள் கணக்கில் எவ்வளவு முந்த வேண்டும்?

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனது குமரி மாவட்டத்தைச் சேர்ந்த குமரி மகா சபை. 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குச் சாதகமாக உத்தரவிட, அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2025 டிசம்பரில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று பார்க்கச் சொல்லி மாநில அரசுக்கு உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். நாட்டிலேயே நவோதயா இல்லாத ஒரே மாநிலம் தமிழ்நாடுதான். இந்தி மூன்றாவது மொழியாக வரும் என்பதே மாநில அரசின் எதிர்ப்புக்குக் காரணம்.

அரசியல் அது பாட்டுக்கு நடக்கட்டும். தோவாளையிலோ தக்கலையிலோ 6-ம் வகுப்புப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ என்ற பெயரில் 7-ம் வகுப்பிலேயே 9, 10-ம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறார்களே, நம்ம பிள்ளையையும் சேர்த்துவிடணுமா?

தேர்வுகளில் கணக்கின் பங்கு என்ன?

திருப்பூர் மாவட்டம் அமராவதி நகரில் இருக்கும் சைனிக் பள்ளிக்கு 6, 9-ம் வகுப்புகளில் நுழைவுத் தேர்வு உண்டு. 6-ம் வகுப்புத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150, 9-ம் வகுப்புத் தேர்வில் 400-க்கு 200. இரண்டிலும் சரிபாதி கணக்குதான். நவோதயாவின் 6-ம் வகுப்புத் தேர்வு வேறு மாதிரி. 80 கேள்விகளில் கணக்கு 20 மட்டுமே. 40 கேள்விகள் படங்களைப் பார்த்து விடை சொல்லும் மனத்திறன் கேள்விகள்.

குமரி மாவட்ட அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போதே கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது என்.எம்.எம்.எஸ். 8-ம் வகுப்பில் எழுதணும். தேர்வானால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். 90 கேள்விகள் கொண்ட படிப்பறிவுத் தாளில் கணக்கு 20-தான். ஆனால் இன்னொரு 90 கேள்விகளுக்கான மனத்திறன் தாளில் எண் தொடர், விடுபட்ட எண் என்று கணக்கு வேறு வேஷத்தில் வரும்.

அப்படின்னா, 10-ம் வகுப்புக் கணக்கு தேவையா?

இல்லை. இந்தத் தேர்வுகளில் எதுவும் 8-ம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் கேட்பதில்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். 4 பேர் 15 நாளில் முடிக்கிற நடவை 6 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? விடை 10. 22.5 என்று சொல்லும் பிள்ளைக்கு எதிர் விகிதம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஆள் கூடினால் நாள் குறையும் என்பது வயல்காட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தாளில் எழுதும்போதுதான் சறுக்குகிறது. இது நம்ம சமச்சீர் 7-ம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கே சறுக்கும் பிள்ளைக்கு முக்கோணவியல் நடத்துவது சுவரில்லாத வீட்டுக்கு ஓடு போடுவது மாதிரி.

அதே புத்தகங்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்று ஒரு இயல் வரும். புதிர், அமைப்பு, வரிசை என்று போகும். ‘பரீட்சைக்கு அவ்வளவா வராது’ என்று பல இடங்களில் அவசரமாகத் தாண்டிவிடும் இயல் இதுதான். மனத்திறன் தாளுக்கு நேரடியாக உதவுவதும் இதுதான்!

இதற்காக யாரையும் முந்தவே விடக்கூடாது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014-ல், எல்லாரும் சமமாகப் படிக்கட்டும் என்று இயற்கணிதத்தை 8-ம் வகுப்பிலிருந்து 9-க்குத் தள்ளியது. பெற்றோர் எதிர்ப்பு பத்து வருடம் ஓயவில்லை. 2024-ல் அதை 8-ம் வகுப்புக்கே கொண்டுவர வாக்காளர்கள் ஆதரவு தந்தார்கள். வேகமாகப் போகிற பிள்ளைக்கு வழி வேண்டும்தான். நம் அரசுப் பள்ளிகளில் அப்படித் தனி வழி கிடையாது, எல்லாருக்கும் ஒரே புத்தகம். 9-ம் வகுப்பிலிருந்து உறைவிட மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய மூன்று வருடம்? காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன், இல்லாத பிள்ளைக்கு வகுப்பு ஆசிரியர் மட்டும்.

கணக்கு தெரிந்தும் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

மொழியில். சைனிக் 6-ம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். 9-ம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. மீ.சி.ம. கண்ணை மூடிக்கொண்டு போடும் பிள்ளை, ‘எல்.சி.எம்.’ என்று பார்த்தால் முழிக்கும். மீ.பெ.வ.வுக்கு ‘எச்.சி.எஃப்.’, கூட்டு வட்டிக்கு ‘காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட்’. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மொழியிலும் ஒரு பட்டியல் எழுதிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். இதற்குக் கோச்சிங் ஃபீஸ் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

என்.எம்.எம்.எஸ். எழுத பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 7-ம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும் என்பதால், 8-ம் வகுப்பு தொடங்கியதுமே தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.