ரயில் கட்டணம் கொடுத்தவர்கள்

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில், விளையாட்டுத் துறைக்குத் துணைநின்ற முன்னாள் மாணவரை மேடையேற்றிக் கௌரவிக்கும் வழக்கம் உண்டு. வெறும் சடங்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அங்கே படித்தவருக்கு அந்தக் கல்லூரிமேல் பற்று வளர வாய்ப்பே குறைவு. இரண்டே ஆண்டுப் படிப்பு. பெரும்பாலும் விடுதி கிடையாது. வகுப்பும் பயிற்சியும் முடிந்ததும் பகுதிநேர வேலைக்கு ஓடுபவர்கள் ஏராளம். ஆட்டத்தில் தேறியவர்களோ பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் பியூட் கல்லூரியில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு பெர்க்லிக்குப் போனார். கூடைப்பந்து வீரர் ஜிம்மி பட்லர் டைலர் ஜூனியர் கல்லூரியிலிருந்து மார்க்கெட் பல்கலைக்கழகம் போனார். பின்னாளில் பாசமும் காசோலையும் பட்டம் தந்த இடத்துக்குப் போவதே இயல்பு. முதற்படியை மறக்காமல் திரும்பி வருபவர் அபூர்வமானவர்.

சிறு உதவி என்ன செய்யும் என்பதற்கு பாசடீனா ஜூனியர் கல்லூரியின் மேக் ராபின்சனைச் சொல்லலாம். 1936இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக நியூயார்க் போக அவரிடம் பணம் இல்லை. உள்ளூர் வணிகர்கள் சிலர் திரட்டிக் கொடுத்தார்கள். பெர்லினில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு 0.4 வினாடி பின்னால் வந்து வெள்ளி வென்றார். அவர் தம்பிதான் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். அதே கல்லூரி மாணவர், 1938இல் நீளம் தாண்டுதலில் அண்ணனின் சாதனையைத் தாண்டியவர். பதக்கத்தோடு ஊர் திரும்பிய மேக்குக்கு வாய்த்தது தெருக்கூட்டும் வேலை. கல்லூரி அரங்கம் ராபின்சன் பெயரைப் பெற்றது 2000இல். மேக் மறைந்ததும் அதே ஆண்டில். ரயிலேற்றிவிட்ட வணிகர்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

விளையாட்டு நிர்வாகிகளான நமக்கு இதில் வேலை இருக்கிறது. நன்கொடையாளர் என்றதும் ஸ்கோர்போர்டு, நுழைவாயில் வளைவு என்று கண்ணுக்குத் தெரிவதையே கேட்டுப் பழகிவிட்டோம். சமுதாயக் கல்லூரி அணி திணறுவது அதற்காக அல்ல. வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்து வேண்டும், ஆட்டநாளில் சாப்பாடு வேண்டும், காயத்தைப் பார்க்கும் பயிற்சியாளருக்குச் சம்பளம் வேண்டும். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தரவே விதி இடம் கொடுப்பதில்லை. 1938இல் உருவான தேசிய ஜூனியர் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவிலும் இதே நிலைதான். அப்படியிருக்க, ஆண்டுக்கொரு முறை பேருந்துச் செலவை ஏற்கும் பழைய மாணவர், ஒரே தடவை பெரிய தொகை கொடுத்துச் சுவரில் பெயர் பொறித்துக்கொள்பவரைவிட அணிக்கு அதிகம் உதவுகிறார் என்பேன்.

பெரிய தொகையே வந்தால் அதை அறக்கட்டளையில் வைப்பு நிதியாக்குவது நல்லது. அப்படிப்பட்ட நிதியிலிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 விழுக்காடு வரை செலவழிப்பது அங்கே பொதுவான நடைமுறை. நிதி கரையாது, பருவந்தோறும் பேருந்தும் கிளம்பும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆண்கள் பேஸ்பால் மைதானத்துக்கு மின்விளக்கு போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. பணம் வெளியிலிருந்து வந்தது என்பதால், பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு ஈடான வசதி செய்து தரும் பொறுப்பு கல்லூரிக்கு இல்லாமல் போய்விடாது. 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டம் அப்படி. விருது மேடையில் புகழப்பட்ட கொடை பின்னர் புகார் மனுவில் இடம்பெறுவது யாருக்கும் கௌரவம் அல்ல. ஏற்பதற்கு முன்பே நன்கொடையாளரிடம் இதை விளக்கிவிடுவது மரியாதையும்கூட. நிஜமாகவே கல்லூரியை நேசிப்பவர் இரண்டு மைதானத்துக்கும் சேர்த்துத் தர முன்வரவும் கூடும்.

அடுத்த கௌரவப் பட்டியலைத் தயாரிக்கும் குழுவினர், பதக்கப் பதிவேட்டோடு கடந்த பத்தாண்டு வரவுசெலவுப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். ஆண்டு தவறாமல் வந்த சிறு தொகைகளுக்கு எதிரே இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அழைத்துவிடுங்கள்.