பேத்திக்கு ஒரு காலிப் பெட்டி

தங்கம் விலையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். சின்னப் பேத்திக்கு அடுத்த மாதம் காதுகுத்து. குலதெய்வம் கோயில், மொட்டை, தாய்மாமன் மடி எல்லாம் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் நிற்பது ஒன்றுதான்: தாத்தா என்ன போடப்போகிறார்? வாரம் முழுக்கத் தொலைபேசியில் இதே விசாரணை. "பவுன் இன்னும் ஏறும்கிறாங்க சித்தப்பா, இப்பவே வாங்கி வச்சிருங்க" என்கிறான் அண்ணன் மகன். "ஒரு பவுனாவது போடலைன்னா சபையில நல்லாவா இருக்கும் அண்ணே?" என்கிறாள் தங்கை. குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அதற்குள் அவள் மேல் எத்தனை கிராம் ஏறும் என்று ஊரே எடைபோடுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

நாம் வாங்கும் தங்கத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. டாலர் அசைந்தால் நம் பவுன் அசையும், சுங்கவரி மாறினாலும் அசையும். எங்கோ ஒரு போர் என்றால் பயந்தவர்களெல்லாம் தங்கத்தை வாங்கி அடுக்குவார்கள், அதன் சுமை நம் ஊர்க் காதுகுத்தில் வந்து இறங்கும். இதையெல்லாம் விளக்கி ஒரு பத்தி எழுதுவதாகத்தான் திட்டம். அதற்காகக் கடைத்தெருவுக்கும் போய்வந்தேன். ஒரு கடையில் சின்னதாய் ஒரு கம்மலை எடுத்துப் பெட்டியில் வைத்து நீட்டினார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் விலை எனக்கு மறந்துபோயிற்று.

அட்டை. அதன் மேல் ஒட்டிய சிவப்பு வெல்வெட் துணி. உள்ளே பஞ்சு மெத்தை. திறந்து மூடுகிற இடத்தில் தகரக் கம்பி ஒன்று. இரண்டு தீபாவளி தாங்காது. பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை இதில் வைத்துத் தருகிறார்கள், நாமும் வாங்கிவந்து பீரோவின் அடியில் தள்ளிவிடுகிறோம்.

"நினைவுப் பெட்டி" என்று இப்போது தனியாகவே விற்கிறார்களே, அது இதைவிட மோசம். குழந்தையின் பெயரை லேசரில் சுட்டு, நட்சத்திரமும் பொம்மைக் கரடியும் வரைந்து வருகிறது. மரப்பெட்டி என்பார்கள். தட்டிப் பாருங்கள், அது எம்.டி.எஃப். மரநாரை அரைத்து, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. ஒரு மழைக்காலத்தில் ஓரம் ஊறி உப்பிவிடும். கீலின் திருகாணி ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது. அதைப் பழுதுபார்க்க எந்த ஆசாரியாலும் முடியாது. ஒன்று சொல்கிறேன்: நினைவு என்ற சொல்லை ஒட்டி விற்கும் பொருள், அதை வாங்கும் பிள்ளை வயதுக்கு வரும்வரையாவது உயிரோடிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.

அன்று இரவு கோபம் தணிய நான் எடுத்தது ஹோவர்ட் கார்ட்டரின் புத்தகம். தாம் கண்டெடுத்த, எகிப்து அரசன் துட்டன்காமுனின் கல்லறையைப் பற்றி அவர் மூன்று தொகுதிகள் எழுதினார்: 1923, 1927, 1933. எல்லோரும் முதல் தொகுதியைத்தான் கொண்டாடுவார்கள். 1922 நவம்பரில் மணலுக்கடியில் ஒரு படி தென்பட்டது, கதவில் துளையிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எட்டிப்பார்த்தது எல்லாம் அதில்தான். எனக்கு மூன்றாம் தொகுதி. கல்லறையின் கடைசிச் சிற்றறையை ஒழித்த கதை அதில் வருகிறது. திருடர்கள் புகுந்து கலைத்துப்போட்ட அறை அது. கட்டில்கள், கூடைகள், எண்ணெய்ச் சாடிகள், நாற்காலிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்தக் குவியலில் ஒரு மரப்பெட்டி.

துட்டன்காமுன் அரியணை ஏறும்போது 8 அல்லது 9 வயதுப் பையன். இறந்தபோது ஏறத்தாழ 19. அவனைக் கிடத்தியிருந்த உட்பேழை கெட்டித் தங்கம், 110 கிலோ. நம் கணக்கில் 13,750 பவுன். உலகம் அந்தப் பேழையையும் முகமூடியையும் பார்த்து நூறாண்டுகளாக வியக்கிறது. 2025 நவம்பரில் கெய்ரோவுக்கு அருகே பெரிய எகிப்திய அருங்காட்சியகம் திறந்தபோதும் பத்திரிகைகளில் வந்த படமெல்லாம் தங்கம்தான். என் கண் போவது அந்த மரப்பெட்டிக்கு. சிறுவயதுச் சாமான்களை வைத்துக்கொள்வதற்கென்றே அவனுக்குச் செய்துகொடுத்தது அது. உள்ளே தடுப்புகள். ஒன்றன் மேல் ஒன்றாக நகரும் சின்னச் சின்னத் தட்டறைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகரும் மூடி. மேல்மூடியில் ஒரு குமிழ். அதற்குள் வெட்டு. மூடியை மூடிக் குமிழைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தச்சன் இதை யோசித்திருக்கிறான்.

அதில் என்னென்ன இருந்தன என்று கார்ட்டர் பட்டியல் தருகிறார். கல் எறியும் கவண்கள். கையுறைகள். தந்தத்தாலான சின்ன ஆட்டப் பலகைகள். கண்ணாடியிலும் மரத்திலும் தோலிலும் செய்த வளையல்கள். தீக்கடைகோல். விளையாட்டுப் பொம்மைகள். பொறுக்கிச் சேர்த்தாற்போலச் சில கனிமக் கற்கள். வண்ணப்பொடியும் வண்ணக் கிண்ணமும். இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அரசனின் மகன் என்பதை எடுத்துவிட்டால் நம் தெருவில் உள்ள எந்தப் பையனின் கால்சட்டைப் பையிலும் இருப்பவை இவை. அதே கல்லறையில் ஒரு நாணல் கம்பும் கிடைத்தது. பொன்னால் பூண் கட்டிய சாதாரண நாணல். மாமன்னர் தம் கையாலேயே வெட்டிய நாணல் இது என்று அதில் பொறித்திருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு பையன் நாணலை வெட்டி எடுத்துவந்து, எனக்கு இது வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்டின் கிரிஃபித் நிறுவனம் கார்ட்டரின் குறிப்பு அட்டைகளையும் ஹாரி பர்ட்டன் எடுத்த ஒளிப்படங்களையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அந்தப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கப் பேழை மற்றவர்கள் அவனுக்குக் கொடுத்தது. அந்தப் பெட்டியில் இருந்தவற்றைப் பார்த்தால், அவனுக்கு எது பிடித்தது என்று தெரிகிறது. பேரப்பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு எனக்கு முன்பே பதில் கிடைத்ததும் இங்கேதான்: இதுபோல ஒரு மரப்பெட்டி. பெரிய பேத்திக்கு ஏற்கெனவே ஒன்று செய்துகொடுத்தாயிற்று. இப்போது சின்னவளுடையது பட்டறையில் இருக்கிறது.

மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலா. 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அந்த வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சாய்ந்ததில் நிறைய விறகாகப் போயிற்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆசாரி வைரம் பாய்ந்த அடிமரம் ஒன்றை வாங்கி, பலகையாக அறுத்து, முனைகளில் பெயிண்ட் பூசி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கிவைத்தார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டாவது நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இவர் பலகை அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது.

பலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு அதுதான் மரம். மிருதங்கக் கட்டைக்கும் அதுதான், பண்ருட்டியில் கடைந்து ஊர் ஊராகப் போகிறது. தாய்லாந்தின் வனத்துறவிகள் பலாச் சிராயைக் கொதிக்கவைத்து அந்தச் சாயத்தில்தான் சீவரம் தோய்ப்பார்கள். இழைப்புளி ஓடும்போது பலா பளீரென்று மஞ்சளாகச் சுருள் விடும். வெளிச்சம் படப்பட அந்த மஞ்சள் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகும். "புதுசா இழைச்சப்ப பாத்ததை வச்சு முடிவு பண்ணாதீங்க சார், நாலஞ்சு வருஷம் கழிச்சு வாங்க, இது வேற மரம்னு நீங்களே சொல்வீங்க" என்றார் ஆசாரி. உண்மைதான். பெரியவள் பெட்டி அவளோடு சேர்ந்து நிறம் மாறிக்கொண்டிருக்கிறது.

10 அங்குல நீளம், 7 அகலம், 5 உயரம், அரை அங்குலக் கனம். ஒரு பிள்ளை தானே இரண்டு கையால் தூக்குகிற அளவு. நாலு மூலையிலும் ஆணி கிடையாது. ஒரு பலகையின் முனையில் புறாவின் வாலைப்போல விரிந்த பற்களை வாளால் அறுத்து, மற்றப் பலகையில் அதற்கேற்ற பள்ளத்தை உளியால் எடுத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறக்குகிறார். பல் விரிந்திருப்பதால் இழுத்தால் கழலாது. பசை காலப்போக்கில் விட்டுப்போனாலும் பெட்டி நிற்கும். சின்னவள் பெட்டியின் முதல் மூலை இறங்கும்போது பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறியது. முதலில் வெறும் மரச்சத்தம், பிறகு நெருக்கம், கடைசியில் கெட்டியான ஒரே ஒலி. அந்த ஒலி வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். அதற்குமேல் ஒரு தட்டு விழுந்தால் பல் பிளக்கும்.

அடிப்பலகையை ஒட்டவில்லை. நாலு பக்கமும் காடி எடுத்து அதில் சும்மா உட்கார வைத்திருக்கிறார். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். ஐப்பசி ஈரத்தில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதற்கு இடம் விடாமல் ஒட்டி இறுக்கினால் ஒரு கோடையில் வெடித்துவிடும். உள்ளே அந்த எகிப்துப் பெட்டியைப் போல நகரும் தட்டு ஒன்று வைக்கச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்ல வேலைக்காரன் சார்" என்றார்.

மேல்பூச்சுக்கு அரக்கு. அரக்குச் செதிளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் பஞ்சைப் பொதிந்து, மெல்லிசாகப் பல கை தேய்ப்பது. காய்ந்த அரக்கு குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே பூசுவது அதைத்தான். உள்ளே எண்ணெய் மட்டும் பூசவிடாதீர்கள், மூடிவைத்த பெட்டியில் சிக்குவாடை அடிக்கும். கீலும் நாதாங்கியும் பித்தளையாக இருக்கட்டும். அடியில் மரம் எது, எந்த ஊர், செய்த ஆசாரி பெயர், ஆண்டு நான்கையும் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் அதைப் பழுதுபார்க்க வருபவருக்கு அது உதவும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இழைத்து இழைத்துச் செய்த பழைய பெட்டிகள் எவ்வளவோ கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். நானும் போய் ரசித்திருக்கிறேன். ஆனால் அது வேறொரு வீட்டின் பெட்டி. உங்கள் ஊரில் இன்றைக்கும் உளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் மாடுலர் கிச்சன் பலகையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவருக்கு அவர் கற்ற வேலை வேண்டும், உங்கள் பேத்திக்குப் பெட்டி வேண்டும். என் தங்கைக்கும் அண்ணன் மகனுக்கும் இதுவே என் பதில்: சபையில் நான் வைக்கப்போவது பலாப்பெட்டி, பவுன் இல்லை.

இனி, நான் மிகவும் வற்புறுத்துவது. பெட்டியைக் காலியாகக் கொடுங்கள். அரைஞாண் கொடி, முதல் மொட்டை முடி, ஆஸ்பத்திரி வளையம், கொலுசு என்று நாமே நிரப்பிக் கொடுக்கத்தான் கை போகும். அவை நம்முடைய நினைவுகள். அவற்றுக்கு நம் பீரோவில் இடம் இருக்கிறது. இன்றைய குழந்தைக்கு அறை இருக்கிறது, அலமாரி இருக்கிறது, அலமாரி நிறையச் சாமான் இருக்கிறது. அத்தனையையும் அடுக்குவதும் கழித்துக் கட்டுவதும் அம்மா. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அந்தப் பிள்ளை தானே முடிவுசெய்ய ஓர் இடம்கூட இல்லை. கடற்கரைச் சோழி, பஸ் டிக்கெட், செத்த பொன்வண்டு, தோழி எழுதிய துண்டுச்சீட்டு எல்லாம் நமக்குக் குப்பை. தன் மனசுக்கு எது பெரிது என்று ஒரு பிள்ளை தரம்பிரிக்கப் பழகுவது அந்தக் குப்பையில்தான்.

அதனால் பூட்டும் வேண்டும். பிள்ளைகளுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்கும் பெரியவர்கள்தான் அவர்கள் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள். நல்ல பூட்டு வாங்கினால் கூடவே இரண்டு சாவி தருவார்கள். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பத்திரத்துக்கு என்று நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைக்குச் சாவியைக் கையாளும் வயது வந்த அன்றே இரண்டையும் கொடுத்துவிட வேண்டும். தொலைந்தால் ஆசாரி இருக்கிறார், வேறு பூட்டுப் போட்டுக்கொள்ளலாம்.